வேலையும் உண்டு, வறுமையும் உண்டு: ஒரு பிரிட்டன் குடும்பத்தின் வரவு செலவு

பிரிட்டனில் குழந்தை வறுமை பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடும். அரசு உதவியில் காலம் தள்ளும் வீடுகளில்தான் வறுமை இருக்கிறது, பெற்றோரை வேலைக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு கட்சி. ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோரின் வீட்டில் யாரோ ஒருவர் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், இன்னும் யாரை அனுப்புவது என்பது மறு கட்சி. வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் எடுத்து நீட்டுவது அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான்.

2025 மார்ச்சில் வந்த அந்தக் கணக்குப்படி, 2023-24ஆம் ஆண்டில் அங்கே சுமார் 44.5 லட்சம் குழந்தைகள் வறுமையில் இருந்தார்கள். மொத்தக் குழந்தைகளில் 31 சதவீதம். வறுமை என்று எதைச் சொல்கிறார்கள்? வீட்டு ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிசெய்த வருமானத்தில் இருந்து வாடகை போன்ற வீட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிஞ்சுவது, நாட்டின் நடுவில் இருக்கும் குடும்பத்துக்கு மிஞ்சுவதில் 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது வறுமை. அந்த 44.5 லட்சத்தில் 72 சதவீதக் குழந்தைகளின் வீட்டில் குறைந்தது ஒருவர் வேலையில் இருந்தார்.

இதைப் பார்த்து, வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாட்டில் பெரும்பாலான குழந்தைகள் வேலை செய்யும் பெற்றோருடன்தான் வாழ்கிறார்கள். அந்தப் பெரிய கூட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைதான் வறுமையில் இருக்கிறது, ஆனால் கூட்டம் பெரிது என்பதால் தலைக்கணக்கு எகிறிவிடுகிறது. யாருமே வேலைக்குப் போகாத வீடுகள் குறைவு. அந்தக் குறைவான வீடுகளில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள். ஆக, ஏழைக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஒரு குழந்தை ஏழையாகும் வாய்ப்பைப் பார்த்தால் வேலையில்லாத வீட்டில்தான் அது மிக அதிகம். இரண்டும் உண்மை. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் முதலாவதை மட்டும் சொல்வார், எதிரில் இருப்பவர் இரண்டாவதை மட்டும் சொல்வார்.

இன்னொரு சிக்கல். வேலை செய்யும் குடும்பம் என்ற கட்டத்துக்குள் எல்லோரையும் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் முழுநேர வேலையில் இருக்கும் வீடும் அதில்தான், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் துப்புரவு வேலைக்குப் போகும் தனித்தாயின் வீடும் அதில்தான். இருவரும் முழுநேரம் வேலை செய்யும் வீட்டில் வறுமை அபூர்வம். அதனால் சராசரிகளை இங்கேயே விட்டுவிட்டு ஒரே ஒரு வீட்டுக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது மேல்.

குடும்பம்

இது நான் கட்டிய மாதிரிக் குடும்பம். ஆட்கள் கற்பனை, விதிகளும் தொகைகளும் 2025-26 நிதியாண்டில் இங்கிலாந்தில் நடப்பில் இருந்தவை.

லண்டனுக்கு வெளியே ஒரு நகரம். இருபத்தைந்து வயதைத் தாண்டிய தம்பதி, மூன்று பிள்ளைகள்: 8, 5, 2 வயது. அப்பா முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். வாரம் 37.5 மணி நேரம், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 12.21 பவுண்டு. அம்மா சின்னதுடன் வீட்டில். தனியாரிடம் வாடகை வீடு, மாதம் 900 பவுண்டு. அதில் அரசு ஏற்றுக்கொள்வது 800 என்று வைத்துக்கொள்கிறேன். நான் கற்பனையாகப் போட்ட தொகைகள் இந்த இரண்டும், பின்னால் வரும் கவுன்சில் வரியும்தான் (உள்ளாட்சி வாங்கும் வீட்டு வரி அது). ஆனால் வாடகைக்கும் அரசு தரும் உதவிக்கும் நடுவே விழும் பள்ளம் கற்பனை இல்லை. ஊர்வாரியான வாடகை உதவி உச்சவரம்பை 2020 முதல் 2024 வரை உறைய வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை ஏற்றிவிட்டு மறுபடி உறைய வைத்தார்கள். வாடகை உறைந்து நிற்கவில்லை.

வேலை இருக்கும் மாதம்

அப்பாவின் ஆண்டுச் சம்பளம் சுமார் 23,810 பவுண்டு. வருமான வரியும் தேசியக் காப்பீடு எனும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் போக மாதம் கைக்கு வருவது 1,722. ஓய்வூதியப் பிடித்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட்டும் உண்டு, அதாவது வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித் தொகை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், வேலைக்குப் போகும் வீட்டுக்கு எதற்கு அரசுப் பணம் என்று. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் வாங்குவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலையில் இருப்பவர். சம்பளக்காரன் ஒரு பக்கம், பெனிபிட் வாங்குபவன் மறு பக்கம் என்று கோடு கிழித்துப் பேசுகிறார்களே, அந்தக் கோட்டின் மேலேயே குடும்பம் நடத்துபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

தம்பதிக்கான அடிப்படைத் தொகை 628.10. குழந்தைக்கு 292.81 வீதம் இரண்டு பேருக்கு. மூன்றாவது குழந்தைக்கு ஒன்றும் கிடையாது. 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாம் குழந்தைக்கும் அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், இரட்டைப் பிரசவம் போன்ற சில விலக்குகள் தவிர, இந்தப் பணம் கிடையாது என்பது அப்போதைய விதி. வாடகைக்கு 800. எல்லாம் சேர்த்து 2,013.72. இது சம்பளமே இல்லாதவருக்குரிய உச்சத் தொகை. சம்பளம் இருப்பதால் கழிவு உண்டு: மாதம் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் பிடிப்பார்கள். பிடித்தது போக 1,293 வரும். பிள்ளை வளர்ப்புக்கென்று அரசு தனியாகத் தரும், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காத சைல்ட் பெனிபிட் மூன்று பேருக்குமாக மாதம் 262.

மொத்தம் 3,277 பவுண்டு. வாடகை கொடுத்த பிறகு 2,377. கவுன்சில் வரி 120 என்று போட்டால் 2,257. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 பவுண்டு கூட இல்லை. மின்சாரம், கேஸ், தண்ணீர், சாப்பாடு, பஸ், பிள்ளைகளுக்குக் குளிர்கால உடுப்பு, போன், பழைய கடனின் தவணை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இந்தக் குடும்பம் வறுமைக் கோட்டை ஒட்டி, அநேகமாக அதற்குக் கீழேதான் நிற்கிறது. முழுநேர வேலை ஒன்று இருந்தும்.

சரி, இன்னும் கொஞ்சம் உழைத்து மேலே வரலாமே?

அப்பா வாரம் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறார் என்று வையுங்கள். 12.21இல் வரியும் காப்பீடும் 28 சதவீதம் போனால் 8.79. அதில் 55 சதவீதத்தை யுனிவர்சல் கிரெடிட் குறைத்துக்கொள்ளும். மிஞ்சுவது 3.96 பவுண்டு. முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிப் படுக்கை மாற்றிய ஒரு மணி நேர உழைப்பில் எட்டேகால் பவுண்டு, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், திரும்பிப் போய்விடுகிறது. பெரும் பணக்காரர்களுக்கு அங்கே உச்ச வருமான வரி 45 சதவீதம்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அம்மா வேலைக்குப் போனால்? வாரம் 16 மணி நேரம் அதே கூலிக்குப் போனால் மாதம் 846 பவுண்டு. வரி விழாது. ஆனால் பிடிப்பில்லாத அந்த முதல் 411 பவுண்டு வீட்டுக்கு ஒன்றுதான், அதை அப்பாவின் சம்பளம் ஏற்கெனவே தின்றுவிட்டது. அதனால் அம்மாவின் சம்பளத்தில் முதல் பவுண்டிலேயே 55 பென்ஸ் போகும். மாதம் 381 மிஞ்சும், மணிக்கு ஐந்தரை பவுண்டு. இங்கிலாந்தில் பஸ்ஸில் ஒரு பயணத்துக்கு உச்சக் கட்டணம் 3 பவுண்டு; வாரம் நான்கு நாள் போய் வந்தால் மாதம் நூறு பவுண்டு அதிலேயே போகும். சின்னதைப் பார்த்துக்கொள்ள 2025 செப்டம்பர் முதல் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு 38 வாரம், பள்ளிக்கூட நாட்கணக்கு. விடுமுறை வாரங்களில் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு ஏற்பாடு பார்க்கவேண்டும். அந்தச் செலவில் 85 சதவீதம் வரை யுனிவர்சல் கிரெடிட் திருப்பித் தரும் என்றாலும், முதலில் கைக்காசைக் கட்டிவிட்டு ரசீதைக் காட்டி வாங்குவதுதான் வழக்கமான முறை. கைக்காசு இல்லாதவருக்கு எழுதிய விதியாக இது தெரியவில்லை.

அரசின் பேச்செல்லாம் இரண்டாவது ஆளை வேலைக்கு அனுப்புவதைப் பற்றியே இருக்க, அரசின் விதி மட்டும் இரண்டாவது ஆளின் சம்பளத்தில் முதல் காசிலிருந்தே கை வைக்கிறது. இந்தத் திட்டத்தின் பெரிய கோளாறு இது என்றுதான் நினைக்கிறேன். கவர்ச்சியில்லாத விவரம் என்பதால் மேடையில் யாரும் பேசுவதில்லை.

எட்டு வயதுப் பிள்ளையின் மதிய உணவையும் சொல்லிவிடவேண்டும். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எல்லோருக்கும் பள்ளிச் சாப்பாடு இலவசம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்கும். அதற்கு மேல் வகுப்பு என்றால், யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் வீட்டின் நிகரச் சம்பளம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது. 2018இல் வைத்த வரம்பு, அதற்குப் பிறகு ஏற்றவே இல்லை. இந்த வீடு தாண்டிவிட்டது. எனவே மூத்த பிள்ளைக்குக் காசு கட்டவேண்டும் அல்லது டப்பாவில் கட்டிக் கொடுக்கவேண்டும். 2026 செப்டம்பரில் இருந்து இந்த வரம்பு போகிறது, யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசம் என 2025 ஜூனில் அறிவித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வரை மிச்சமாகும் என்பது அரசே சொன்ன கணக்கு.

மாதம் என்பது எத்தனை நாள்?

மேலே எல்லாவற்றையும் மாதக் கணக்கில் சொன்னேன். நிஜத்தில் பல முதியோர் இல்லங்களில் சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 13 சம்பளம், யுனிவர்சல் கிரெடிட்டுக்கோ 12 மாதம். எனவே ஆண்டில் ஒரு கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். மற்ற மாதங்களில் இந்த வீட்டுக்கு 1,366 பவுண்டு தந்த யுனிவர்சல் கிரெடிட், அந்த மாதக் கணக்குக்கு 491 ஆகிவிடும். ஆண்டு மொத்தத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை, கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் ஆண்டு மொத்தத்தில் வாடகை வாங்குவதில்லையே. இரண்டு சம்பளம் வந்த மாதத்தில் மிஞ்சிய காசில் பிள்ளைக்கு ஷூ வாங்கியிருப்பார்கள், அடுத்த மாதம் வாடகைக்குத் துண்டு விழும்.

இதற்கு ஒரு வழக்கும் உண்டு. மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் தனித்தாய்கள் நால்வர் நீதிமன்றம் போனார்கள். கடைசி நாள் சனி, ஞாயிறாக இருந்தால் முதலாளி முன்கூட்டியே சம்பளம் போட்டுவிடுவார், கணினி அதை ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் என்று எடுத்துக்கொள்ளும். அவர்கள் விஷயத்தில் இது வெறும் முன்பின் தடுமாற்றம் இல்லை, சம்பளமே விழாத கணக்கு மாதத்தில் பிடிப்பில்லாத தொகை வீணாகி நிஜமாகவே பணம் போனது. 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் அணுகுமுறை அறிவுக்குப் பொருந்தாதது என்று தீர்ப்புச் சொன்னது. விதியைத் திருத்தினார்கள். திருத்தம் மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான். நான்கு வாரச் சம்பளக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

வேலை போன பிறகு

இப்போது அதே வீடு, அதே ஐந்து பேர், அதே வாடகை. முதியோர் இல்லம் மூடப்பட்டது, அல்லது அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. அந்த வேலையில் முதுகு போவது அதிசயம் இல்லை.

முதல் ஒன்பது மாதம் யுனிவர்சல் கிரெடிட் முழுத் தொகை 2,013.72, சைல்ட் பெனிபிட் 262, ஆக 2,276. வாடகை போக 1,376. வேலையில் இருந்தபோது மிஞ்சிய 2,377 உடன் ஒப்பிட்டால் மாதம் ஆயிரம் பவுண்டு குறைவு. வேலை செய்தால் என்ன லாபம் என்று கேட்பவருக்கு இந்த ஆயிரம்தான் பதில். உதவிப் பணத்தில் சொகுசாக வாழ்கிறார்கள் என்ற கதைக்கும் இதுவே பதில்.

ஒன்பது மாதம் முடிந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் பெனிபிட் கேப் எனும் மொத்த உச்சவரம்பு விழும். 2013இல் கொண்டுவந்தபோது அது ஆண்டுக்கு 26,000 பவுண்டு. 2016இல் லண்டனுக்கு 23,000, மற்ற இடங்களுக்கு 20,000 என்று இறக்கினார்கள். 2023 ஏப்ரலில் லண்டனில் 25,323, வெளியே 22,020 ஆனது. அதாவது முதன்முதலில் வைத்த தொகையைப் பத்தாண்டு விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகும் தொடவில்லை. நம் குடும்பத்துக்கு மாதம் 1,835 பவுண்டு, அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது. 2,276இல் இருந்து 441 வெட்டு. வாடகை கட்டிய பிறகு கையில் 935. ஐந்து பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு பவுண்டு சொச்சம்.

ஒரு குடும்பத்தின் தேவைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த எண் இல்லை இது. வேலை செய்பவரை விட வேலை செய்யாதவர் கூடுதலாக வாங்குவது நியாயமா என்ற கேள்விக்குப் பதிலாக வைத்த எண். அந்தக் கேள்வி வாக்காளரிடம் எடுபடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே பார்த்தோமே, உச்சவரம்பு இல்லாதபோதே வேலையில் இருந்த குடும்பத்துக்கு ஆயிரம் பவுண்டு கூடுதல். ஏனென்றால் வேலை செய்பவரும் பெனிபிட் வாங்குகிறார். சம்பளத்தை மட்டும் ஒரு தட்டிலும் முழு பெனிபிட்டை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் மட்டுமே அந்த அநியாயம் கண்ணுக்குத் தெரியும்.

உச்சவரம்பில் மாட்டியவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாலானவற்றில் குழந்தைகள் உண்டு, அதிலும் தனித்தாய் வீடுகளே அதிகம். தப்பிக்க வழி, இயலாமைக்கான சில உதவிகளைப் பெறுவது, அல்லது வீட்டின் நிகரச் சம்பளம் மாதம் 846 பவுண்டைத் தொடுவது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவது வழி எவ்வளவு திறந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒரே சீர்திருத்தம், இரண்டு வீட்டில்

2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், மூன்றாம் குழந்தைக்கு மறுக்கப்பட்டு வந்த தொகையை 2026 ஏப்ரலில் இருந்து தருவதாக அறிவித்தார். இரண்டு குழந்தை வரம்பு போகிறது. இந்த நாடாளுமன்றக் காலம் முடியும்போது 4.5 லட்சம் குழந்தைகள் வறுமையில் இருந்து வெளியே வருவார்கள் என்று அரசு மதிப்பிட்டது. வரம்பால் அடிபட்ட குடும்பங்களில் 59 சதவீதம் வேலை செய்யும் குடும்பங்கள் என்பதும் அரசின் எண்தான். வேலை செய்து மட்டுமே வாழும் குடும்பம் போல உதவிப் பணம் வாங்கும் குடும்பமும் வரவு பார்த்துப் பிள்ளை பெறட்டும் என்று சொல்லி அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015இல் அறிவித்த விதி, பாதிக்கு மேல் அடித்தது வேலைக்குப் போகிறவர்களை.

நம் குடும்பத்துக்கு இந்த மாற்றம் என்ன செய்யும்? தொகையை 2025-26 விகிதத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.

அப்பா வேலையில் இருந்தால் மாதம் 293 பவுண்டு முழுதாக வரும். வாடகை போக 2,670. வறுமைக் கோட்டை நெருங்கிவிடும், தாண்டவும் கூடும்.

வேலை போய் ஒன்பது மாதத்துக்குள் என்றாலும் 293 வரும். ஒன்பது மாதம் கழிந்துவிட்டால்? வர வேண்டிய தொகை காகிதத்தில் 2,569 ஆகும். உச்சவரம்பு அதே 1,835. கையில் அதே 935. மூன்றாவது குழந்தைக்கென்று வந்த பணத்தில் ஒரு பென்னி கூட அந்தக் குழந்தையைச் சேராது. வெட்டு மட்டும் 441இல் இருந்து 734 ஆக வளரும்.

வேலை செய்யும் ஏழைகள், வேலையில்லா ஏழைகள் என்று பிரித்துப் பேசுவதில் என்ன கெடுதல் என்று கேட்டால், இந்த ஒரு வரவைத்தான் காட்டுவேன். இரண்டும் வேறு வேறு குடும்பம் இல்லை. ஒரே குடும்பத்தின் ஒரு வருடத்து இரண்டு முகம். பிள்ளைக்கு வயது எட்டிலிருந்து ஒன்பதாவதற்குள் அது முதல் கட்டத்தில் இருந்து இரண்டாவது கட்டத்துக்குப் போய்விடும், அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தால் திரும்பியும் வரும்.

இது எங்கிருந்து வந்தது

உழைத்தும் வறுமை என்பது புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசப்படுகிறது. 1899இல் யார்க் நகரத்துத் தொழிலாளர் வீடுகளை வீடுவீடாகக் கணக்கெடுத்தவர் சீபோம் ரவுண்ட்ரீ, சாக்லேட் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. உயிர்வாழத் தேவையான குறைந்தபட்சமும் இல்லாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், 52 சதவீதம், நிரந்தர வேலை இருந்தும் கூலி போதாததால் அந்த நிலையில் இருந்ததாக அவர் கண்டார். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், குடும்பம் பெரிது என்பதால். கூலியைத் தருபவர் ஆளுக்குத்தான் தருவார், அவன் வீட்டில் எத்தனை வாய் என்று பார்த்துத் தரமாட்டார். குடும்பத்துக்கு அரசு பணம் தரவேண்டும் என்று பெண்ணுரிமைப் போராளி எலினோர் ராத்போன் பல பத்தாண்டு வாதாடியது இதை வைத்துத்தான். 1945இல் சட்டம் வந்தது, 1946இல் இரண்டாம் குழந்தை முதல் வாரம் ஐந்து ஷில்லிங் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வரம்பு முதல் குழந்தைக்குக் கிடையாது என்றது, பிந்தைய காலத்து வரம்பு மூன்றாவதற்குக் கிடையாது என்றது.

சம்பளம் வாங்கும் ஏழைக் குடும்பத்துக்கென்றே தனி உதவி 1971இல் வந்தது. பிறகு பிரதமர் டோனி பிளேர் 1999 மார்ச்சில் இருபது ஆண்டுக்குள் குழந்தை வறுமையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதமே நாட்டின் முதல் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 3.60 பவுண்டு. தொடர்ந்து வரிச் சலுகை வடிவில் குடும்பங்களுக்குப் பெரிய தொகைகள் போயின. வறுமை குறைந்தது, ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு இல்லை. 2010இல் இலக்கைச் சட்டமாகவே எழுதினார்கள். 2016இல் அந்த இலக்குகளைச் சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அதே 2016இல் வேலை செய்யும் வயதினரின் உதவித் தொகைகளை நான்கு ஆண்டுக்கு உறைய வைத்தார்கள்.

ஏழைகளில் வேலை செய்பவர் பங்கு கூடியதற்கு முழுக்கக் கெட்ட காரணம்தான் என்று சொல்ல முடியாது. இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் எனும் பொருளாதார ஆய்வு நிறுவனம் 2019இல் இதை அலசியது. எல்லா வயதினரையும் சேர்த்து, ஏழைகளில் வேலை செய்யும் வீட்டில் இருப்போர் 1994-95இல் 37 சதவீதம், 2017-18இல் 58 சதவீதம். காரணங்களில் இரண்டு நல்லவை: தனித்தாய்கள் உட்பட வேலையில்லாத வீடுகள் குறைந்தன, முதியோர் வறுமையும் குறைந்தது. அந்த இருவரும் வரிசையை விட்டு வெளியேறினால் மிஞ்சுபவர்களில் வேலை செய்பவர் பங்கு தானாகக் கூடும். கெட்டவையும் உண்டு: கீழ்மட்டச் சம்பளம் மேல்மட்டத்துக்கு ஈடாக வளரவில்லை, வருமானம் குறைந்தவர்களின் வீட்டுச் செலவு மற்றவர்களைவிட வேகமாக ஏறியது. 72 சதவீதம் என்ற எண்ணைக் கோஷமாக எழுப்புகிறவர்கள் இந்த இரண்டு நல்ல காரணங்களை ஏனோ சொல்வதில்லை.

ஸ்காட்லாந்தில் இதே வீடு

ஸ்காட்லாந்து அரசு 2021 பிப்ரவரியில் குழந்தைக்கு வாரம் 10 பவுண்டு தரும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2022 நவம்பரில் அது 25, 2025-26இல் 27.15. பதினாறு வயதுக்குக் கீழே, யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவி வாங்கும் வீடு என்றால் போதும். மூன்றாம் குழந்தைக்கும் உண்டு. வேலைக்குப் போகிறாயா என்ற கேள்வி இல்லை. உச்சவரம்பிலும் இதைச் சேர்ப்பதில்லை.

நம் குடும்பம் எல்லை தாண்டி அங்கே இருந்திருந்தால் மாதம் 353 பவுண்டு, அப்பா வேலையில் இருக்கும் மாதத்திலும் சரி, இல்லாத மாதத்திலும் சரி. உச்சவரம்பின் வெட்டையும் அங்கே வாடகைக்கான சிறப்பு உதவி மூலம் ஈடுகட்ட ஏற்பாடு இருக்கிறது. 2021-24 மூன்றாண்டு சராசரியில் ஸ்காட்லாந்தில் குழந்தை வறுமை 23 சதவீதம், பிரிட்டன் முழுவதையும் எடுத்தால் 30ஐ ஒட்டி. எல்லாம் இந்தத் திட்டத்தால்தான் என்று சொன்னால் மிகையாகும். வாடகை அங்கே குறைவு, அரசு சார் குடியிருப்பு அதிகம். திட்டத்துக்கு ஒரு குறையும் உண்டு: சம்பளம் ஏறி யுனிவர்சல் கிரெடிட் முற்றிலும் நின்ற நாளில் இந்த 353உம் ஒரேயடியாக நின்றுவிடும்.

எந்தக் கட்டத்திலும் வராதவர்கள்

முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசிவிட்டு இவர்களை விட்டுவிட முடியாது. வேலை விசாவில் போய் அதே இல்லங்களில் அதே ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு, அரசு உதவி பெறத் தடை என்று விசாவிலேயே எழுதியிருக்கும். யுனிவர்சல் கிரெடிட் இல்லை, சைல்ட் பெனிபிட் இல்லை. நம் குடும்பம் அப்படி இருந்தால் 1,722 சம்பளத்தில் 900 வாடகை போக 822 பவுண்டு. வேலை போன குடும்பத்தின் 935ஐ விட 113 குறைவு, முழுநேரம் வேலை செய்துகொண்டே. 2024 மார்ச்சில் இருந்து, வெளிநாட்டில் இருந்து புதிதாகப் போவதே நிறுத்தப்பட்ட 2025 ஜூலை வரை, பராமரிப்பாளர் விசாவில் போனவர்கள் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியவில்லை. அதற்கு முன்பே போனவர்களின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

பெனிபிட் கேப் உச்சவரம்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்யவேண்டும் என்பது சட்டம். மறுஆய்வு செய்யத்தான் கட்டாயம், உயர்த்தக் கட்டாயம் இல்லை. இரண்டு குழந்தை வரம்பை நீக்கிய பட்ஜெட் இதை அப்படியே விட்டுவைத்தது. கடைசியாக உயர்ந்தது 2023 ஏப்ரலில். அன்று முதல் அதே 22,020. நம் குடும்பத்தின் வீட்டுக்காரர் வாடகையை ஐம்பது பவுண்டு ஏற்றினால், வேலையில்லாத அந்த வீட்டில் 935 என்பது 885 ஆகும்.